தூத்துக்குடியில் கார், நியூயார்க்கில் பங்கு: வின்பாஸ்ட் பங்கை வாங்கலாமா?

என் தங்கைக்கு 2025 ஆகஸ்டில் நான்கு இலட்ச ரூபாய் சீட்டுப் பணம் கைக்கு வந்தது. அதே மாதம் 4ஆம் தேதிதான் தூத்துக்குடி சில்லாநத்தம் சிப்காட்டில் வின்பாஸ்ட் மின்சாரக் கார்த் தொழிற்சாலையை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார். டிப்ளமோ முடித்த அவள் மகனுக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த பெருமையோடு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், கைப்பேசியை என் முன்னால் நீட்டி, "மாமா, எங்க கம்பெனிப் பங்கு அமெரிக்காவுல வெறும் மூணரை டாலருக்குப் போகுது. அம்மா பணத்த இதுல போட்டா அஞ்சு வருசத்துல வீடே கட்டிரலாம்" என்றான்.

சாயல்குடியில் படகு எஞ்சின் உதிரி பாகங்கள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். பதினைந்து ஆண்டுகளாகப் பங்குச்சந்தையில் சிறிய அளவில் வாங்கியும் விற்றும் வருவதால், குடும்பத்தில் பணம் பற்றிய கேள்விகள் என்னிடம்தான் வந்து நிற்கும். தங்கையின் பணத்துக்குப் பதில் சொல்லுமுன் என் பணத்தில் பார்த்துவிடுவது முறை என்று, 50,000 ரூபாயை அமெரிக்காவுக்கு அனுப்பி, மூன்றரை டாலர் அளவில் 100 பங்குகளை வாங்கினேன். ஐந்து மாதங்கள் அவற்றை வைத்திருந்து, நிறுவனத்தின் அறிக்கைகளைப் படித்து, தூத்துக்குடிக்கு இரண்டு முறை போய்வந்த பிறகு இதை எழுதுகிறேன். எங்கள் கடற்கரை ஊர்களில் இதே கேள்வியோடு இன்னும் பல வீடுகள் இருப்பதை அறிவேன்.

முதலில், நாம் வாங்குவது என்ன என்பதைத் தெளிவாகப் பார்த்துவிட வேண்டும். வின்பாஸ்ட் வியட்நாமில் 2017இல் தொடங்கப்பட்டது. அதன் தாய்த் தொழிற்சாலை அந்நாட்டின் ஹைபோங் துறைமுக நகரில் இருக்கிறது; பங்கை வெளியிட்டிருக்கும் நிறுவனமோ சிங்கப்பூரில் பதிவானது; பங்கு விற்பனையாவது 2023 ஆகஸ்ட் 15 முதல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில். தூத்துக்குடியில் இருப்பது அந்த நிறுவனத்தின் பல உறுப்புகளில் ஒன்று. ஏறத்தாழ 400 ஏக்கர் பரப்பும், ஆண்டுக்கு 50,000 கார்கள் என்ற தொடக்கத் திறனும் உள்ள தொழிற்சாலை அது. சாயல்குடியிலிருந்து வேம்பார், வைப்பாறு வழியாகப் போனால் எட்டிவிடும் தொலைவில் இருப்பதால், அந்தப் பங்கும் நமக்குத் தெரிந்த ஒன்று என்ற எண்ணம் மனத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் தொழிற்சாலையின் வாசலைப் பார்த்தவருக்கும் பார்க்காதவருக்கும் கையில் கிடைக்கும் பங்கு ஒன்றே. அந்தப் பங்கின் விலையைத் தீர்மானிக்கிறவர்கள் சில்லாநத்தத்தை வரைபடத்திலும் பார்த்திராதவர்கள்.

அடுத்தது அந்த "வெறும் மூணரை டாலர்". நம் பகுதியில் புதிதாகப் பங்கு வாங்குகிற எல்லோரையும் இழுப்பது இந்தச் சொல்தான் என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கடற்கரையில் மீனைக் கூறு போட்டு விற்பதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். ஒரே மீனை ஐந்து கூறாகவும் போடலாம், ஐம்பது கூறாகவும் போடலாம். ஐம்பதாகப் போட்டால் ஒரு கூறின் விலை குறைவாகத்தான் இருக்கும். அதனால் மீன் மலிந்துவிட்டது என்று எந்தப் பெண்ணும் ஏமாற மாட்டாள். வின்பாஸ்ட் நிறுவனம் 230 கோடிக்கும் மேற்பட்ட பங்குகளாகக் கூறு போடப்பட்டிருக்கிறது. ஒரு பங்கு மூன்றரை டாலர் என்றால் முழு நிறுவனத்துக்கு விதிக்கப்பட்டிருக்கும் விலை 800 கோடி டாலர். அது மலிவா, அதிகமா என்பதை அந்த நிறுவனம் சம்பாதிப்பதை வைத்துத்தான் எடை போட முடியும். பங்கின் விலையில் எத்தனை இலக்கம் இருக்கிறது என்பதை வைத்துப் போட முடியாது.

இந்தப் பங்கு எப்படி ஏறி இறங்கியது என்ற வரலாறு தெரியாமல் யாரும் இதை வாங்கக் கூடாது. தொழில் எதுவும் இல்லாமல் பணத்தை மட்டும் வைத்துக்கொண்டு சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்த ஒரு நிறுவனத்தோடு இணைந்து வின்பாஸ்ட் சந்தைக்குள் வந்தது. முதல் நாள் 22 டாலரில் தொடங்கி 37 டாலரில் முடிந்தது. அடுத்த இரண்டே வாரத்தில், 2023 ஆகஸ்ட் 28 அன்று, 82 டாலர் 35 செண்டில் நின்றது. அன்றைய விலையில் நிறுவனத்தின் மொத்த மதிப்பு 19,000 கோடி டாலர். அமெரிக்காவின் ஃபோர்டையும் ஜெனரல் மோட்டார்ஸையும் சேர்த்தாலும் அந்த மதிப்பு வரவில்லை. இரண்டு மாதங்கள் முடிவதற்குள் பங்கு 10 டாலருக்குக் கீழே வந்தது. 2024 ஏப்ரலில் 3 டாலருக்கும் கீழே போனது. உச்சத்தில் ஓர் இலட்ச ரூபாய்க்கு வாங்கியவரிடம் இன்று இருப்பது நான்காயிரத்துச் சொச்சம்.

இரண்டு வாரத்தில் எந்தக் கார் நிறுவனமும் நான்கு மடங்கு வளர்ந்துவிடாது, இரண்டு மாதத்தில் தேய்ந்தும்விடாது. அப்படியானால் விலை மட்டும் ஏன் அப்படி ஆடியது என்பதற்கு எங்கள் ஏலக் கரையிலேயே விடை இருக்கிறது. நூறு கூடை இறால் உள்ள ஒரு படகு கரையேறியதாக வைத்துக்கொள்வோம். படகுக்காரர் தொண்ணூற்றொன்பது கூடைகளைப் படகிலேயே வைத்துக்கொண்டு ஒரே ஒரு கூடையை மட்டும் மணலில் இறக்குகிறார். கரையில் இருபது வியாபாரிகள் நிற்கிறார்கள். அந்த ஒரு கூடைக்கு அவர்கள் மாறி மாறி ஏற்றிக் கேட்க, விலை எங்கோ போகிறது. இப்போது அந்த விலையை நூறால் பெருக்கி, இந்தப் படகில் இத்தனை இலட்சத்துக்கு இறால் இருக்கிறது என்று சொன்னால், மறுநாள் மற்ற கூடைகளும் இறங்கும்போது என்ன ஆகும் என்பதை ஏலம் கூறுகிறவரைக் கேட்க வேண்டியதில்லை. வின்பாஸ்ட் பட்டியலிடப்பட்டபோது ஏறத்தாழ 99 விழுக்காடு பங்குகள் நிறுவனர் ஃபாம் நாட் வுயோங்கிடமும் அவரைச் சார்ந்தவர்களிடமும் இருந்தன. சந்தையில் கைமாறியது மிஞ்சியிருந்த அந்த ஒரு கூடை. இன்றும் பெரும்பகுதி அவர் பக்கமே இருக்கிறது. 2024, 2025 ஆண்டுகளில் விலை ஓரளவு அடங்கி, நான் வாங்கிய பிறகும் 3 டாலருக்கும் 4 டாலருக்கும் இடையிலேயே நடமாடுகிறது என்றாலும், விலை துள்ளுவதற்கான அந்த மூல காரணம் இன்னும் நீங்கவில்லை. பெரிய செய்தி ஒன்று வந்தால் மேலேயும் துள்ளும், புதிய பங்குகளை வெளியிட்டால் கீழேயும் விழும்.

இனி வரவு செலவு. 2024ஆம் ஆண்டில் நிறுவனம் 97,399 மின்சாரக் கார்களை விற்றது. வருமானம் ஏறத்தாழ 180 கோடி டாலர், நட்டம் ஏறத்தாழ 320 கோடி டாலர். அதாவது ஒரு ரூபாய்க்கு விற்றதில் ஒன்றே முக்கால் ரூபாய் நட்டம். காருக்குக் காராக வகுத்துப் பார்த்தபோது நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் ஒரு முறை வகுத்தேன்: ஒவ்வொரு காருக்கும் 32,000 டாலருக்கு மேல், நம் பணத்தில் சுமார் 27 இலட்ச ரூபாய். தூத்துக்குடியிலிருந்து வரும் விஎஃப் 7 காரின் தொடக்க விலையே 2025 செப்டம்பரில் 20 இலட்சத்து 89 ஆயிரமாகத்தான் அறிவிக்கப்பட்டது. புதிய தொழிற்சாலை, புதிய மாடல், புதிய நாடு என்று முதலில் பணத்தைக் கொட்டித்தான் கார்த் தொழில் வளரும் என்பது உண்மை. ஆனால் இங்கே மேல் செலவுகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, காரைச் செய்ய ஆகும் நேரடிச் செலவை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அது விற்கும் விலையைத் தாண்டுகிறது. டீசல் செலவுக்கே மீன் காணாத படகு, எத்தனை முறை கடலுக்குப் போனாலும் கடனைத்தான் கூட்டிக்கொண்டு வரும்.

அப்படியானால் படகு எப்படி மிதக்கிறது? முன்பணத்தில். 2024 நவம்பரில் தாய் நிறுவனமான வின்குரூப், 2026 முடிய 35 இலட்சம் கோடி டாங் வரை கடன் தருவதாகவும், நிறுவனர் தம் சொந்தப் பணத்திலிருந்து 50 இலட்சம் கோடி டாங் கொடையாகத் தருவதாகவும் அறிவித்தார்கள். டாங் என்பது வியட்நாம் நாணயம். இரண்டும் சேர்ந்து 300 கோடி டாலருக்கு மேல். தம் சொந்தக் கையிலிருந்து இவ்வளவு பெரிய தொகையை ஒரு முதலாளி இறக்குவதை நான் மதிக்கிறேன். தொழிலாளிகளை நடுவழியில் விட்டுவிட்டுப் போகிறவர் செய்யும் காரியம் அன்று அது. ஆனாலும் வியாபாரியின் முன்பணத்தில் ஓடும் படகுகளுக்குச் சாமான் கொடுத்துப் பழகிய எனக்கு ஒன்று தெரியும். அந்தப் படகின் ஆயுள் கடலின் கையில் இல்லை, முன்பணம் தருகிறவரின் மனத்தின் கையில் இருக்கிறது. இந்தப் பங்கை வாங்குகிறவர் வாங்குவது ஒரு மனிதர் தொடர்ந்து பணம் இறக்குவார் என்ற நம்பிக்கையை.

அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, கார்களை வாங்கியவர் யார் என்பது. 2023இல் நிறுவனம் விற்ற 34,855 வண்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவை ஜிஎஸ்எம் என்ற டாக்சி நிறுவனத்துக்குப் போயின. அந்த ஜிஎஸ்எம்மும் இதே நிறுவனருடையது. இது கள்ளக்கணக்கு அன்று, அறிக்கையிலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். ஆயினும் ஒரு பாக்கெட்டிலிருந்து எடுத்து மறு பாக்கெட்டில் வைத்ததை விற்பனை வளர்ச்சி என்று நான் முழுமையாக எண்ணிக்கொள்ள முடியாது.

மருமகன் இந்த இடத்தில் டெஸ்லாவைக் கொண்டுவந்தான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2010 ஜூன் 29 அன்று டெஸ்லா 17 டாலருக்குப் பங்கை வெளியிட்டது. 2020இல் ஒன்றை ஐந்தாகவும், 2022இல் ஒன்றை மூன்றாகவும் பிரித்ததால், அந்த 17 டாலர் இன்றைய கணக்கில் 1 டாலர் 13 செண்ட். 2025 டிசம்பரில் அது 480 டாலரைத் தாண்டியது. அந்த நிறுவனமும் முழு ஆண்டு இலாபத்தை முதன்முதலாகக் கண்டது 2020இல்தான். அதுவரை நட்டத்திலேயே ஓடியது. ஆனால் டெஸ்லா மாடல் 3 காரை 2016இல் அறிவித்தபோது, ஒரே வாரத்தில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆளுக்கு ஆயிரம் டாலர் கட்டி வரிசையில் நின்றார்கள். அவர்கள் முதலாளியின் உறவுக் கம்பெனிகள் அல்லர், வெளியாட்கள். அப்படிப்பட்ட டெஸ்லாவை வைத்திருந்தவர்களும் 2022 என்ற ஒரே ஆண்டில் மதிப்பில் 65 விழுக்காடு கரைந்ததைத் தாங்க வேண்டியிருந்தது. டெஸ்லாவைப் போல ஆகும் என்று சொல்லி விற்கப்பட்ட மற்றப் பெயர்களையும் அவனுக்கு எழுதிக் காட்டினேன். லார்ட்ஸ்டவுன் 2023 ஜூனிலும், ஃபிஸ்கர் 2024 ஜூனிலும், நிகோலா 2025 பிப்ரவரியிலும் திவால் நீதிமன்றத்தின் படி ஏறின. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஓலா எலக்ட்ரிக் 2024 ஆகஸ்டில் 76 ரூபாய்க்குப் பங்கை வெளியிட்டு, அதே மாதத்தில் 157 வரை ஏறி, அடுத்த ஆண்டு 50 ரூபாய்க்கும் கீழே வந்ததை நம் ஊரிலேயே பலர் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். பிழைத்து வந்த ஒன்றை மட்டும் பார்த்து இந்தத் துறையை மதிப்பிட்டால், புயலில் கரை சேர்ந்த படகை மட்டும் எண்ணியவர் ஆவோம்.

நிறுவனத்துக்கு நியாயமாகச் சேர வேண்டிய நல்ல வார்த்தைகளும் உண்டு. அவற்றை மறைப்பது முறையாகாது. விற்பனை 34,855இலிருந்து 97,399 ஆகி, 2025இல் மறுபடியும் ஏறத்தாழ இரு மடங்காகியிருக்கிறது. 2024இல் வியட்நாமில் மிக அதிகமாக விற்ற கார் நிறுவனம் இதுவே. அதற்குப் பிறகு அங்கே பொதுமக்கள் வாங்குவது கூடிக்கொண்டு வருவதால், உறவு நிறுவனத்துக்குப் போகும் பகுதி குறைந்து வருகிறது. பெட்ரோல் கார்களை 2022இல் அடியோடு நிறுத்திவிட்டு மின்சாரக் கார் மட்டும் என்று துணிந்ததும் சாதாரண முடிவன்று. தூத்துக்குடியில் விஎஃப் 6 காரில் உட்கார்ந்து பார்த்தேன். 2025 செப்டம்பரில் 16 இலட்சத்து 49 ஆயிரத்தில் அறிமுகமான வண்டிக்குக் கதவு மூடும் சத்தமும் இருக்கையின் தையலும் திருத்தமாகவே இருந்தன. கதவு ஓரத்து ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்தேன். உப்புக் காற்றில் முதலில் போவது அதுதான் என்பது கடலோரத்துக்காரருக்குத் தெரியும். அது தடிமனாகவும் இடைவெளி இல்லாமலும் பொருத்தப்பட்டிருந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகாமல், வாரம் ஒரு முறை வீட்டுக்கு வந்து போகும் தொலைவில் ஒரு கார்த் தொழிற்சாலையில் வேலை பார்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தத் தொழிற்சாலை செழிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதன் காரை வாங்குவது ஒரு முடிவு. பங்கை வாங்குவது அதற்குத் தொடர்பில்லாத வேறொரு முடிவு.

பங்கை வாங்கும் சேவையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் போகும் பணத்தை விளம்பரங்கள் காட்டுவதில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அதற்கு எல்ஆர்எஸ் திட்டம் என்று பெயர். கைப்பேசிச் செயலியில் கணக்குத் திறப்பது அரை மணி நேர வேலையாக இருந்தது. பணம் அனுப்புவதற்கு மூன்று நாள் ஆனது. என் வங்கிக் கிளையில், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப நிரப்ப வேண்டிய ஏ2 படிவத்தை இதற்கு முன் பார்த்த ஊழியர் யாரும் இல்லை. இரண்டு முறை கையெழுத்து வாங்கி, மூன்றாம் நாள் அனுப்பினார்கள். அன்று சந்தையில் டாலர் 87 ரூபாய் 50 காசு அளவில் இருந்தது. வங்கி எனக்குப் போட்ட விலை 88 ரூபாய் 70 காசு. எனவே 50,000 ரூபாய்க்கு 571 டாலர் கிடைப்பதற்குப் பதிலாக 563 டாலர் 70 செண்ட் போய்ச் சேர்ந்தது. இந்த வித்தியாசத்தில் மட்டும் 676 ரூபாய். அனுப்பும் கட்டணம் ஜிஎஸ்டியோடு 1,180 ரூபாய். நாணய மாற்றுக்குத் தனியாக ஜிஎஸ்டி 90 ரூபாய். மொத்தம் 1,946 ரூபாய், அதாவது நூற்றுக்கு நாலு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஒரு பங்கு கூட வாங்குவதற்கு முன்னாலேயே போன பணம் இது. திரும்பக் கொண்டுவரும்போது மறுபடியும் ஒரு வெட்டு விழும். சிறிய தொகையாகப் பிரித்துப் பிரித்து அனுப்பினால் அந்தக் கட்டணம் ஒவ்வொரு முறையும் விழும். மொத்தமாக அனுப்பினால் மொத்தமும் ஒரே நாள் விலையில் மாட்டிக்கொள்ளும். அனுப்புவதற்கு முன் இந்த விவரத்தை எழுத்தில் தருமாறு கேட்டும் அந்தக் கிளையில் தரவில்லை. கணக்கில் கழிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இது சரியான நடைமுறை அன்று என்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அமெரிக்கச் சந்தை நம் நேரப்படி கோடையில் இரவு 7 மணிக்குத் திறந்து 1.30க்கு மூடும், குளிர்காலத்தில் 8 மணிக்குத் தொடங்கி 2.30 வரை போகும். என் கடைக் கதவை விடியற்காலை நான்கு மணிக்கே ஃபில்டருக்கும் இம்பெல்லருக்கும் தட்டுவார்கள். முதல் இரண்டு வாரம் இரவு பதினொன்று வரை விழித்திருந்து அந்தச் சிவப்புப் பச்சை எண்களைப் பார்த்தேன். ஒரு நாள் விடிகாலையில், மூக்கையூரிலிருந்து வந்த ஒருவருக்கு அளவு மாற்றி நாசிலைக் கொடுத்துவிட்டேன். அவர் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து மாற்றிக்கொண்டு போனார். கடலில் வைத்து அதைக் கண்டிருந்தால் அவர் நிலை என்ன? அன்றோடு இரவில் செயலியைத் திறப்பதை நிறுத்தினேன். நாள்தோறும் பார்க்காமல் வைத்திருக்க முடியாத ஒரு பங்கு, விடிகாலையில் எழுந்து தொழில் செய்கிறவருக்கு ஏற்றதன்று.

வரிப் பக்கம் இன்னும் கவனம் தேவை. நிதியாண்டில் 10 இலட்சத்துக்கு மேல் அனுப்பினால் கூடுதல் தொகைக்கு 20 விழுக்காடு முன்கூட்டியே பிடிப்பார்கள். கணக்குத் தாக்கலில் அதைத் திரும்பப் பெறலாம். வெளிநாட்டுப் பங்கை 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் இலாபத்துக்கு 12.5 விழுக்காடு வரி. அதற்குள் விற்றால் வருமானத்தோடு சேர்த்து வரி. உள்நாட்டுப் பங்குகளுக்கு உள்ள 1.25 இலட்ச ரூபாய் விலக்கு இதற்குக் கிடையாது. பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. ஒரே ஒரு வெளிநாட்டுப் பங்கை வைத்திருந்தாலும், வரி கட்டுமளவு வருமானம் இல்லாதவர்கூட வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். எளிய ஐடிஆர்-1 படிவம் செல்லாது. வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அதைக் காட்ட வேண்டும். காட்டத் தவறினால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 இலட்ச ரூபாய் அபராதம் இருக்கிறது. அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 இலட்சத்துக்கு உட்பட்டவற்றுக்கு 2024 அக்டோபர் முதல் அந்த அபராதத்திலிருந்து விலக்கு உண்டு என்றாலும், காட்ட வேண்டிய கடமை நீங்கவில்லை. நான் பயன்படுத்திய செயலியில் நியமனதாரர் பெயரை எழுதும் இடமே இல்லை. எனக்கு ஏதாவது நேர்ந்தால் என் மனைவி யாரிடம் போய் எந்த மொழியில் கேட்பாள் என்று எண்ணியபோது, 100 பங்குக்கு மேல் போகக் கூடாது என்று அந்த ஒரு காரணத்துக்காகவே தோன்றியது.

இவ்வளவையும் எழுதி வைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். அவளிடம் நட்டக் கணக்கையோ நாஸ்டாக்கையோ பேசவில்லை. ஒரு கேள்விதான் கேட்டேன். அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு கெட்ட காலம் வந்தால் முதலில் எது நிற்கும்? மகனுடைய சம்பளம் நிற்கும். அதே வாரத்தில் பங்கின் விலையும் விழும். இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வராது, ஒரே காற்றில் சேர்ந்து வரும். அந்த நேரத்தில் வீட்டுக்குக் கை கொடுக்க வேண்டிய சேமிப்பு, எந்த நிறுவனம் தள்ளாடுகிறதோ அதே நிறுவனத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடப்பதையும், வாடைக் காலத்தில் பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறிவிட்டால் நாட்டுப்படகும் போக முடியாததையும் பார்த்து வளர்ந்தவள் அவள். கணவரின் நாட்டுப்படகு வருமானம் காற்றைப் பார்த்துத்தான் வருகிறது. மகன் சம்பளம் அந்தக் காற்றுக்கு வெளியே முதன்முதலாக வந்திருக்கும் வருமானம். "அண்ணே, அப்ப அவன் சம்பளமே நமக்கு அந்தக் கம்பெனில இருக்குற பங்குதானே" என்றாள். நான் ஐந்து மாதம் படித்ததை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

மருமகன் முகம் சுருங்கியது. நிறுவனத்தின் மீது அவனுக்கு இருப்பது உண்மையான பாசம். முதல் வேலை தந்த இடத்தின் மீது யாருக்கும் இருக்கும் பாசம். ஆகவே அவனுக்குத் தனியாக ஒன்று சொன்னேன். அவன் சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக, போனாலும் வீட்டில் யாருக்கும் சோறு குறையாத ஒரு தொகை இருந்தால், இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேற்படாமல் அவன் பெயரில் வாங்கிக்கொள்ளட்டும். வாங்கிய பிறகு ஐந்து ஆண்டு அதைத் தொடக் கூடாது, மேலும் போடவும் கூடாது. கடன் வாங்கியோ அம்மாவின் நகையை வைத்தோ ஒரு ரூபாயும் போகக் கூடாது. அதற்கு அவன் ஒப்புக்கொண்டான். தங்கையின் நான்கு இலட்சத்தில் ஒன்றரை இலட்சம் வீட்டின் ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடுவதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மற்றது அஞ்சலகத்தில் வைப்பாக இருக்கிறது.

என்னுடைய 100 பங்குகளை நான் விற்கவில்லை. விற்றால் கிடைப்பதில் இரு வழிச் செலவு போய்விடும் என்பது ஒரு காரணம், நிறுவனம் எங்கே போகிறது என்று பார்க்கும் ஆவல் இன்னொரு காரணம். மேலும் வாங்க வேண்டுமென்றால் என் கண்ணுக்கு முன்னால் சில மாற்றங்கள் நடக்க வேண்டும். ஒரு காரைச் செய்ய ஆகும் நேரடிச் செலவு அதை விற்கும் விலைக்குள் அடங்கிய ஓர் ஆண்டாவது வர வேண்டும். உறவு நிறுவனங்களை விலக்கிவிட்டுப் பார்த்தாலும் விற்பனை ஏறியிருக்க வேண்டும். நிறுவனர் தம் பங்கில் கணிசமான பகுதியைச் சந்தைக்கு விட்டு, அதற்குப் பிறகும் விலை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தூத்துக்குடித் தொழிற்சாலை அந்த 50,000 என்ற திறனை எட்டியதா என்பதையும் பார்ப்பேன். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு அறிக்கை தேவையில்லை, ஞாயிற்றுக்கிழமை வரும் மருமகனின் ஷிப்டுக் கணக்கே சொல்லிவிடும்.

அந்த அமெரிக்கக் கணக்கில் இன்னும் 210 டாலர் சொச்சம் சும்மா கிடக்கிறது. அடுத்த ஆண்டறிக்கை வந்ததும், முன்னுரையையும் படங்களையும் தாண்டி, காரின் நேரடிச் செலவு எழுதியிருக்கும் வரியை முதலில் திறப்பேன். அந்த வரி மாறாமல் இருந்தால் அந்த 210 டாலரும் இருந்த இடத்திலேயே இருக்கும்.